மைதானத்தில் அடித்த முளைகள்: எதை எதிர்ப்போம், எதைக் கேட்போம்?

(வீடமைப்புத் திட்டம் தொடர்பாகக் கூடிய தோட்டக் கிளைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை. மற்றத் தோட்டங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



முழு நாளும் மலையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று கிழமைக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்ட நேரத்தில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். “டீச்சர், கிரவுண்டில் சிவப்புப் பெயின்ட் அடித்த கட்டைகளை அடித்து வைத்திருக்கிறார்கள். இனி நாங்கள் எங்கே விளையாடுவது?” என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். மைதானத்தில், காமன் பொட்டலில், பாடசாலைக்குக் கீழே ஆற்றோரமாக நீங்கள் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்திகளில் எல்லாம் முளைக்கட்டைகள். யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று தலைவருக்கும் தெரியவில்லை. மாதர் சங்கத்துக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பாதிக் கட்டைகள் ஆற்றில் கிடந்தன. யார் பிடுங்கியது என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது.

அடுத்த கிழமை ஒரு மனு வந்தது. இந்தத் திட்டம் வேண்டாம் என்று பிரதேச சபைக்கு எழுதிய மனு. கீழ் டிவிஷனில் அநேகமாக எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். நான் வைக்கவில்லை. “டீச்சர் ஏன் வைக்கவில்லை? சபைக்காரர்களோடு ஏதாவது பேச்சா?” என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

முதலில் திட்டம் என்ன என்று பார்ப்போம். சபையிலுள்ள நம் வட்டார உறுப்பினர் மூலமாக ஒரு போட்டோப் பிரதி கையில் கிடைத்தது. இரண்டு ஏக்கர் நிலம். 72 குடும்பங்கள். அதில் 46 குடும்பங்கள் நம்முடைய மேல் டிவிஷனைச் சேர்ந்தவை. மிகுதி 26 பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவை. எல்லாம் கடந்த நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மண் சரிந்து, லயத்தை விட்டு இறங்கியவர்கள். திரும்பிப் போகக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள்.

கணக்கைப் போடுவோம்

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் கணக்குத்தான் இது. ஒரு ஏக்கர் 160 பேர்ச். இரண்டு ஏக்கர் 320 பேர்ச். அதில் பாதை, கான், படிக்கட்டு என்று கால்வாசி போய்விட்டால் மிச்சம் 240 பேர்ச். அதை 72 குடும்பத்துக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு மூன்றேகால் பேர்ச் சொச்சம்.

மேடையில் நமக்கு என்ன சொன்னார்கள்? முதலில் 7 பேர்ச் என்றார்கள். பிறகு 10 பேர்ச் என்றார்கள். 7 பேர்ச் கொடுத்தால் அந்த மைதானத்தில் 34 வீடுதான் வரும். 10 பேர்ச் கொடுத்தால் 24 வீடு. 72 குடும்பத்தை அங்கே வைக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. மாடிக்கு மேல் மாடி. போட்டோப் பிரதியின் இரண்டாவது பக்கத்தில் அதுதான் இருக்கிறது: நாலு மாடிக் கட்டிடம்.

மாடி வீடு கூடாது என்று நான் சொல்லவில்லை. நகரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதற்கும் உறுதி எழுதலாம், 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி ஆதனச் சட்டம் இருக்கிறது. ஆனால் நம்முடைய கேள்வி வேறு. மூன்றாம் மாடியில் இருக்கும் அக்காவுக்கு எத்தனை பேர்ச்? அவர் மாட்டை எங்கே கட்டுவார்? கறிவேப்பிலைக் கன்றை எங்கே நடுவார்? விறகை எங்கே அடுக்குவார்? கோடையில் பீலியில் தண்ணீர் விரல் தடிப்பில் வரும்போது மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறும்? நம் லயங்களில் இருநூறு வருடமாக நம்மைப் படுக்கையாக அடுக்கி வைத்தார்கள். இப்போது நெட்டுக்குத்தாக அடுக்கப் போகிறார்கள். காணி உரிமை என்று நாம் கேட்டது இதையல்ல.

ஏன் அந்த இடம்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இத்தனை பெரிய தோட்டத்தில் ஏன் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

1975இல் பெருந்தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிருவாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் இன்றைக்கும் அரசின் நிலம்தான், கம்பனியிடம் இருப்பது குத்தகை. வீடமைப்புக்கு நிலம் வேண்டுமென்று கேட்டால், கம்பனி எதை விடுவிக்கும்? கொழுந்து தராத நிலத்தைத்தான். மைதானத்தில் கொழுந்து இல்லை. காமன் பொட்டலில் கொழுந்து இல்லை. நம் மரக்கறிப் பாத்தியில் கொழுந்து இல்லை. அவற்றைக் கொடுத்தால் கம்பனிக் கணக்கில் ஒரு கிலோகூடக் குறையாது. நட்டம் முழுவதும் நம்முடையது, அதனால்தான் அது சுலபமான இடம்.

ஆனால் தொழிற்சாலைக்கு மேலே 9ஆம் நம்பர் மலையைப் பாருங்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அம்மா அங்கே கொழுந்து எடுத்தார். இன்றைக்கு மானாப்புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. பன்றிதான் குடியிருக்கிறது. பிரதான பாதை பக்கத்திலேயே போகிறது. அங்கே கவ்வாத்து வெட்டிய பெரியவர்களைக் கேட்டேன். ஆறு ஏக்கருக்குக் குறையாது என்கிறார்கள். ஆறு ஏக்கர் என்றால் 960 பேர்ச். கால்வாசியைப் பாதைக்கும் கானுக்கும் விட்டால் 720 பேர்ச். 72 குடும்பத்துக்கும் தலைக்குப் பத்துப் பேர்ச். கணக்கு மிச்சமில்லாமல் சரியாகப் போகிறது.

அந்த மலை வீடு கட்ட உகந்ததா என்பது எனக்கோ உங்களுக்கோ தெரியாது. அதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கேட்பது, அதைப் பார்த்தார்களா என்பது மட்டும்தான். போட்டோப் பிரதியில் 9ஆம் நம்பர் மலையின் பெயரே இல்லை.

கையெழுத்து வைக்காத காரணம்

இதுவரை நான் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினீர்கள். இனிச் சொல்லப் போவதற்குச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மனுவில் நீங்கள் எழுதிய காரணங்களை நான் ஒரு கொப்பியில் எழுதிப் பிரித்துப் பார்த்தேன். மைதானம் போகும். தண்ணீர் போதாது, ஒரே ஊற்றில் ஐந்து லயம் குடிக்கிறது. மலசலகூடக் குழி ஆற்றோரம் வந்தால் கீழே குடிக்கிறவர்களுக்கு நோய் வரும். பாதை காணாது. இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் கையெழுத்து வைப்பேன்.

ஆனால் முதல் வரியில் வேறு ஒன்று இருக்கிறது. “வெளி ஆட்களை எங்கள் டிவிஷனில் குடியேற்ற வேண்டாம்” என்று இருக்கிறது. லயத்தில் பேசும்போது இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறோம். மேல் டிவிஷன்காரர்கள் குடிகாரர்கள் என்கிறோம். அவர்கள் வந்தால் நம் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்கிறோம். கோயிலில் பங்கு கேட்பார்கள் என்கிறோம். இன்னும் சிலர் சொன்ன சொல்லை இந்த இடத்தில் நான் சொல்ல விரும்பவில்லை. சாதியைப் பிடித்துச் சொன்ன சொல் அது. கையெழுத்து வைத்தவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

“வெளி ஆள்” என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். 1946இல் கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு எடுத்தது. காணியில்லாத கிராமத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம், தொழிலாளர்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது. பிறந்து வளர்ந்த இடத்திலேயே அவர்கள் வெளி ஆட்கள் ஆனார்கள். வெளியேற மாட்டோம் என்று அவர்கள் நின்றார்கள், மற்றத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்து ஆதரவு கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானவர்களை இந்த நாட்டுக்கே வெளி ஆட்கள் ஆக்கியது. அந்தச் சொல்லின் கதை இதுதான். அதைத்தான் நாம் இப்போது எடுத்து மேல் டிவிஷன்காரர்கள் மேல் போட்டிருக்கிறோம்.

போன கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பி, “சிவனு லெட்சுமணன் உயிரைக் கொடுத்துக் காத்த மண், இதை விடக் கூடாது” என்றார். நல்ல தம்பி, உணர்ச்சியோடு பேசினார். ஆனால் அந்த வரலாற்றைச் சரியாகப் பார்க்க வேண்டும். 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணி 7,000 ஏக்கரைத் தொழிலாளரிடமிருந்து பிரித்து எடுக்கப் போனார்கள். தோட்டத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வேலையும் போகும், இருப்பிடமும் போகும் என்ற நிலை. அதை எதிர்த்து மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் தொழிலாளர் திரண்டபோது பொலிஸ் சுட்டது, லெட்சுமணன் விழுந்தார். ஒவ்வொரு மே மாதமும் நாம் அவரை நினைக்கிறோம். அவர் தொழிலாளியின் தலைக்கு மேலிருந்த கூரைக்காக நின்றவர். கூரை இழந்த தொழிலாளியைத் தடுக்க அவர் பெயரை எடுப்பது அவருக்கும் மரியாதையில்லை, நமக்கும் மரியாதையில்லை.

மேல் டிவிஷன்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? மாதக்கணக்காக நம் பழைய பிள்ளை மடுவத்திலும் வாசிகசாலையிலும் சொந்தக்காரர் காம்பராக்களிலும் இருக்கிறார்கள். சேலையைக் கட்டித் தடுப்புப் போட்டு, ஒரு தடுப்புக்குள் ஒரு குடும்பம். அவர்களுடைய பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். மழை கொஞ்சம் பலத்துப் பெய்யத் தொடங்கினால், அந்தப் பிள்ளைகள் மட்டும் சொல்லாமலே கொப்பிகளைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். பாடம் நடந்துகொண்டிருக்கும். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். ஓடுவதற்குத் தயாராக இருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போங்கள் என்று சொன்னார்கள். போவதற்கு இடம் காட்டியிருந்தால் ஏன் அங்கே கிடந்து சாகப் போகிறார்கள்? மேல் டிவிஷனுக்கும் போங்கள் என்று சொல்லியாயிற்று. அவர்களுக்கு இடம் இல்லை என்று சொல்லும் மனுவில் என் பெயர் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் காரணம். வேறு பேச்சு ஒன்றுமில்லை.

இன்னொன்று. சபை நம்மைக் கேட்காமல் முளை அடித்தது என்று கோபப்படுகிறோம். சரி. இந்தக் கூட்டத்துக்கு மேல் டிவிஷன் ஆட்களை யார் கூப்பிட்டோம்? நான் கூப்பிட்டேனா? இல்லை. தலைவர் கூப்பிட்டாரா? இல்லை. பிள்ளை மடுவம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அவர்களுடைய வீட்டைப் பற்றி அவர்களைக் கேட்காமல் நாம் தீர்மானம் போடுகிறோம். சபை செய்ததையேதான் நாமும் செய்திருக்கிறோம்.

சபையிடம் கேட்கும் உரிமை

இப்போது சபைப் பக்கம் வருவோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, அதன் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் ஒரு கொங்கிரீட் பாதைகூடப் போட முடியாது என்றார்கள். வாக்கு மட்டும் வாங்குவார்கள், வேலை செய்யச் சட்டம் இல்லை என்பார்கள். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறு சபைகளாயின. சபை தோட்டத்துக்குள் வர வேண்டும் என்று முப்பது வருடம் நாம்தான் கேட்டோம். வந்த சபையை விரட்டுவது நம் வேலையில்லை. வந்த சபையை முறையாக வேலை செய்ய வைப்பதுதான் வேலை.

அதற்கு நம் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். அதன் 9ஆம் பிரிவை எல்லாத் தலைவர்களும் ஞாபகத்தில் வையுங்கள். உள்நாட்டு நிதியில் 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமோ, வெளிநாட்டு நிதியில் 1 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டமோ தொடங்குவதென்றால், பொறுப்பான அமைச்சர் 3 மாதத்துக்கு முன்பே மக்களுக்கு, முக்கியமாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, விபரம் தெரிவிக்க வேண்டும். அவசரத் திட்டம் என்றால்கூட ஒரு கிழமைக்கு முன்பு சொல்ல வேண்டும். நமக்குச் சொன்னது யார்? முளைக்கட்டைதான் சொன்னது.

அதே சட்டத்தில் நாம் எழுதிக் கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர்கள் வாயால் கேட்டால்கூட அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது, அதற்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது. முளையைப் பிடுங்கி ஆற்றில் போட்டால் பொலிஸ் வரும். கடிதம் போட்டால் பதில் வந்தாக வேண்டும்.

என்னென்ன கேட்பது? நாலு கடதாசி.

முதலாவது, இந்த மைதானத்துக்கென்றே எழுதப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. “மாவட்டத்துக்குப் பார்த்தோம்” என்று சொன்னால் போதாது. ஆற்றோர மண்ணில் நாலு மாடி நிற்குமா என்று இந்த இடத்துக்கு எழுதிக் காட்ட வேண்டும். 9ஆம் நம்பர் மலைக்கும் அதே அறிக்கை வேண்டும்.

இரண்டாவது, வரைபடம். ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர்ச் என்று எண்ணில் எழுதிய வரைபடம். 7 பேர்ச் என்பது 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போனாலும் நாலு பாத்தி மரக்கறிக்கு இடம் இருக்கும். மூன்று பேர்ச்சில் என்ன இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

மூன்றாவது, தண்ணீரும் கழிவும். எந்த ஊற்றிலிருந்து எத்தனை வீட்டுக்கு, கோடையில் எப்படி, குழி எங்கே என்பது.

நாலாவது, உறுதி. இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. என் அம்மா இருக்கும் இரட்டை வீடு கடனில் கட்டியது. வருடக்கணக்காகச் சம்பளத்தில் வெட்டினார்கள். சம்பளத் துண்டுகளை எல்லாம் அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். கடன் முடிந்தது. உறுதி இன்றைக்கும் கைக்கு வரவில்லை. கேட்டால் அந்தக் காரியாலயம் இந்தக் காரியாலயத்தைக் காட்டும். சென்ற வருடம் கூரைத் தகடு மாற்ற வங்கியில் கடன் கேட்டுப் போனோம். அத்தாட்சி என்ன என்றார்கள். பிஸ்கட் டின்னைக் காட்ட முடியுமா? அதனால் சாவி கொடுக்கும் நாளிலேயே உறுதியும் வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வேண்டும்.

நம் வீட்டையும் கூட்டுவோம்

சபையைக் கேட்பதற்கு முன்பு சங்கங்களும் ஒரு விஷயத்தில் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சங்கப் பத்திரிகையில் போடுவார்களோ தெரியாது, ஆனாலும் சொல்கிறேன். பயனாளிப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்தச் சங்கத்தின் கையில் அதிகாரம் இருக்கிறதோ அந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் பெயர் முதலில் வரும். மற்றவர் பெயர் பின்னுக்குப் போகும். தலைவருக்கு வேண்டப்பட்டவருக்கு மூலை வீடு கிடைக்கும். இதில் எந்தச் சங்கமும் சுத்தம் இல்லை, நம் சங்கமும் இல்லை. பாதிக் கோபம் இங்கிருந்துதான் வருகிறது. “மேல் டிவிஷன் வந்தால் நம் முறை போய்விடும்” என்று கீழ் டிவிஷன் அக்கா பயப்படுவது சும்மா இல்லை. அவர் மூன்று தடவை பட்டியலில் பெயர் எழுதி, மூன்று தடவையும் ஏமாந்தவர்.

ஆகவே பட்டியலைப் பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆபத்து லயத்தில் இருந்தவர்கள் முதலில், பிறகு ஒரே காம்பராவில் இரண்டு மூன்று குடும்பமாக இருப்பவர்கள், பிறகு மற்றவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். சங்க அட்டை பார்க்கக் கூடாது. இந்த ஒன்றை நாம் செய்து காட்டினால், நாளைக்குச் சபையிடம் நிமிர்ந்து கேட்கலாம்.

என்ன செய்யப் போகிறோம்?

நேற்று மாலை பிள்ளை மடுவத்துக்குப் போனேன். இந்தப் பேச்சை அங்கேயும் பேசிப் பார்த்தேன். மைதானம், தண்ணீர், மூன்று பேர்ச் எல்லாம் சொன்னேன். ஒரு பாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நீ சொல்றதெல்லாம் சரிதான் டீச்சர். அதுக்காக நாங்க இன்னொரு மழைக்காலம் இங்கயே படுக்கணுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன்.

எதிர்ப்பு என்றால் தாமதம். தாமதத்துக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். மைதானத்துக்காக நாம் நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டி சேலைத் தடுப்புக்குள் படுக்கிறார். ஆகவே நம் எதிர்ப்புக்கு ஒரு எல்லை வேண்டும். நான் முன்வைப்பது இது. பழைய மனுவைத் திரும்பப் பெறுவோம். புதிய மனு எழுதுவோம். 9ஆம் நம்பர் மலையை உடனே ஆய்வு செய்யுங்கள், ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்போம். அந்த மலை உகந்தது என்றால், கம்பனி அதை விடுவிக்கும்வரை இரண்டு டிவிஷனும் சேர்ந்து நிற்போம், தேவைப்பட்டால் வேலையை நிறுத்தியும் நிற்போம்.

அந்த மலை ஆபத்து, மைதானம்தான் பாதுகாப்பு என்று அறிக்கை வந்தால்? அப்போது மைதானத்தை நாமே கொடுப்போம். ஆனால் 7 பேர்ச்சுக்குக் குறையாமல், உறுதியோடு, தண்ணீரோடு, 34 வீடு. மிகுதிக் குடும்பங்களுக்கு வேறு இடத்தை அதே கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்போம். பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். காமன் பொட்டலைக் கோயில் முற்றத்துக்கு மாற்றலாம். காமன் கோபிக்க மாட்டார்.

இதை இன்றைக்கே தீர்மானமாக நிறைவேற்றக் கேட்கப் போவதில்லை. பாதி ஆட்கள் இங்கே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளை மடுவத்து முற்றத்தில் கூடுவோம். அவர்களை இங்கே வரச் சொல்ல வேண்டாம், நாம் அங்கே போவோம். மாதர் சங்கம் தேத்தண்ணிக்கு ஏற்பாடு செய்யட்டும். அதற்கு முந்திய நாள், சனிக்கிழமை பின்னேரம், தம்பிமார் ஒரு அளவு நாடாவோடு வாருங்கள். மைதானத்தையும் 9ஆம் நம்பர் மலையையும் நாமே அளந்து பார்ப்போம். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள், அவர்களுக்கும் ஒரு பாடம்.

ஆற்றில் கிடந்த கட்டைகளில் எட்டுக் கட்டைகளைப் பொறுக்கி எடுத்துப் பாடசாலை விறாந்தையில் வைத்திருக்கிறேன். மிச்சம் யாரிடமாவது இருந்தால் கொண்டு வந்து போடுங்கள், ஒன்றும் கேட்க மாட்டேன். எங்கே அடிப்பது என்று முடிவானதும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.

புதிய மனுவில் என் கையெழுத்து இருக்கும். ஆனால் முதல் கையெழுத்து மேல் டிவிஷன் பாட்டியுடையதாக இருக்கட்டும். அவருக்கு எழுதத் தெரியாது. பெருவிரல் அடையாளம் போடுவார். அதற்குக் கீழே நாம் எல்லோரும் வைப்போம்.